தலையணைத் துரைகள்

“அப்போ வடிகட்டித்தான் அனுப்புதாவ, அப்படித்தானே?”

“அப்படித்தான் சொல்லுதாவ.”

“வடிகட்டுன சக்கை எங்க அண்ணாச்சி? டீயை வடிகட்டுனா சக்கை நம்ம கையில நிக்கும்லா? என் தூக்கத்துலருந்து கனவை வடிச்சுட்டு வெறுந்தூக்கத்தை மட்டும் ஆபீசருக்குக் குடுக்காவன்னா, அந்தக் கனவு எனக்குத்தான திரும்பி வரணும்? எங்க அது?”

உச்சிமாகாளி பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதிலுக்கு முன்னால் கொட்டாவி வந்துவிட்டது. கண்ணோரத்தில் நீர் கசியவைக்கும் நீளமான கொட்டாவி. அதைப் பார்த்ததும் பிரகாசிக்கும் தொற்றிக்கொண்டது. இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்க்காமல், முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்கள். புதுக்கொற்கையில் இப்போதெல்லாம் எந்தப் பேச்சும் நடுவில் இப்படி ஒருமுறை நின்றுதான் போகும்.

உச்சிமாகாளி மூன்றாம் வார்டின் பிரதிநிதி. முன்பு பம்பு மெக்கானிக்காக இருந்தவர். இப்போது மனிதர்களைப் பழுதுபார்ப்பதாகச் சொல்லிக்கொள்வார். பிரகாசி அதே வார்டில் மக்ரூன் சுடுகிறவள். ஐஸ் வெட்டுவதற்காகக் கும்பினி அவர்களுடைய பூட்டன்மாரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி, வளையங்கள் சூழ்ந்த ஒரு பெருங்கிரகத்தைச் சுற்றும் இந்தச் சின்ன நிலாவில் கொண்டுவந்து இறக்கியபோது, அவர்கள் கையோடு கொண்டுவந்தவை இரண்டுதான். ஒன்று பேச்சு, மற்றது மக்ரூன். முந்திரி இங்கே விளையவில்லை. நிலக்கடலையை வைத்து ஒப்பேற்றினார்கள். ஆனால் உடம்பின் எடையே தெரியாத ஊர் என்பதால், அடித்த முட்டை வெள்ளை சரியாமல் நின்றது. பிரகாசியின் மக்ரூன் ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரத்துக்குக் கூர்நுனியோடு எழுந்து நிற்கும். பூமியில் இருப்பவர்கள் பார்த்தால் பொறாமையில் வெந்துபோவார்கள் என்று புதுக்கொற்கைக்காரர்கள் நம்பினார்கள்.

“விஷயத்துக்கு வாரேன்,” என்றார் உச்சிமாகாளி. “அடுத்த ஞாயித்துக்கிழமை, சட்டம் வேணுமா வேண்டாமான்னு கயிறு கட்டுதோம். நீ வந்து நாலு வார்த்தை பேசணும். ‘ஆபீசர்மாருக்கு இனிமே தூக்கம் குடுக்க மாட்டோம்’னு நான் சொன்னா நன்றிகெட்ட பயன்னுவான். நீ சண்டையில புருஷனைக் குடுத்தவ. நீ சொன்னா எவன் வாயைத் தொறப்பான்?”

“கொட்டாவி விடத் தொறப்பான்.”

“வெளையாடாத பிரகாசி.”

“பேசுதேன் அண்ணாச்சி.” அவள் தட்டிலிருந்த மக்ரூன்களை வரிசைப்படுத்தினாள். “ஆனா தூக்கத்துக்காக இல்ல. அடுப்புக்காரி நான், முந்தியும் விடியக்காலம் எந்திரிச்சவதான். அந்தக் கடைசி மணியிலதான் அவிய வருவாவ. அதைத்தான் உருவிட்டுப் போறாவ.”

அவிய என்றால் அவள் புருஷன் சவரிராயன். போரின் கடைசி வருடத்தில், ஐஸ் வெட்டும் ஏழாம் குழியில் இறந்துபோனவன். இறந்த பிறகும் வீட்டுக்கு வருவதை அவன் நிறுத்தவில்லை. விழிப்பதற்குச் சற்று முன்னால், ஒற்றைச் செருப்போடு வந்து, மற்றதை எங்கே வைத்தாய் என்று பிரகாசியோடு சண்டை பிடிப்பான். சட்டம் வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட வரவில்லை. செருப்பு கிடைத்துவிட்டதா, வழிதான் தவறிவிட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனை மறுபடி ஒருமுறை பார்க்கவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சட்டத்தின் பெயர் ஈடுதுயில் சட்டம். மக்கள் தூக்க வரி என்றார்கள்.

கும்பினியோடு நடந்த சுதந்திரப் போரில் இரவு பகல் என்று எதுவும் இருக்கவில்லை. எந்த நேரத்திலும் எந்தக் குழியின் கதவும் உடையலாம். அதனால் படை அதிகாரிகள் எல்லோருடைய பிடரியிலும் ஒரு சிறு முள் பதிக்கப்பட்டது. அது இருக்கும்வரை தூக்கம் வராது. சிப்பாய்களுக்கு அந்த முள் கிடைக்கவில்லை; முறைவைத்துத் தூங்கினார்கள், முறைவைத்துச் செத்தார்கள். போர் முடிந்தது. கும்பினி போய்விட்டது. முள் போகவில்லை. ஒரு லெப்டினன்டுக்கு அதைப் பிடுங்கிப் பார்த்தார்கள். அவர் இப்போது எல்லோரையும் அம்மா என்று கூப்பிடுகிறார்.

முள் ஏறிய தலைக்குத் தூக்கம் தானாக ஊறாது, வெளியிலிருந்து ஊற்றினால்தான் உண்டு என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். ஊற்றுவதற்கும் வழி கண்டார்கள். இரவில் எல்லோரும் நெற்றியில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டியது. விடியும் முன் வரும் கடைசி ஒரு மணித் தூக்கத்தை, அதுதான் நல்ல விளைச்சலாம், பட்டை உறிஞ்சிக்கொள்ளும். அது ஓர் அதிகாரியின் தலைக்குப் போகும். புதிய குடியரசின் கஜானாவில் அப்போது கொடிக்கு வாங்கி மிஞ்சிய துணியைத் தவிர வேறு எதுவும் இல்லை. வாழ்நாள் முழுவதும் நம் தூக்கத்தையாவது கொடுப்போம் என்று யாரோ உணர்ச்சிவசப்பட்டுச் சொல்ல, மக்கள் இரண்டு கைகளையும் தூக்கி ஆரவாரம் செய்தார்கள். அன்றைக்கு எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிறகுதான் ஊர் மெல்ல மெல்லக் கொட்டாவி விடத் தொடங்கியது. பாதிரியார் தன்னுடைய பிரசங்கத்திலேயே தூங்கிவிழுந்தார். எழுப்பினால் பிரசங்கம் தொடரும் என்பதால் யாரும் எழுப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் தூங்க, பிள்ளைகள் சத்தம் போடாமல் காவல் இருந்தார்கள். தேசியகீதம் ‘ஆ’ என்ற நெடிய ஓசையில் தொடங்குவதால், பாட வாயைத் திறந்த கூட்டம் அப்படியே கொட்டாவியில் சிக்கி, இரண்டாவது அடியைத் தாண்டியதே இல்லை.

அதிகாரிகளும் சும்மா இருக்கவில்லை. சங்கம் வைத்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ள வெள்ளியில் ஒரு சின்னம் செய்தார்கள். அது உதிக்கும் கிரகம் என்று அவர்கள் சொன்னார்கள். தலையணை என்று ஊர் சொன்னது. அன்றிலிருந்து அவர்களுக்குப் பெயர் தலையணைத் துரைகள். போதாக்குறைக்கு, தங்களுக்குப் பின்னால் அந்த ஒரு மணி தங்கள் மூத்த பிள்ளைகளுக்குச் சேரவேண்டும் என்று சங்கம் ஒரு விண்ணப்பமும் போட்டுவைத்தது.

“சண்டையில என் ஆபீசரு கூடாரத்துக்கு நான் பாரா நின்னேன்,” என்று இன்னாசி என்ற பழைய சிப்பாய் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். “சண்டை முடிஞ்சு நாடும் வந்தாச்சு. இப்பவும் அவரு தூங்க நான்தான் முழிச்சிருக்கேன். எனக்கு வித்தியாசம் தெரியலை வே.”

உச்சிமாகாளி வந்துபோன பிறகு, கயிறு கட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால், கேப்டன் மோட்சராக்கினி பிரகாசியின் கடைக்கு வந்தாள்.

போருக்குப் பிறகு அவள் அந்தத் தெருவுக்கே வந்ததில்லை. ஒடிசலான பெண். காதோரம் நரை. சட்டையில் வெள்ளிச் சின்னம் இல்லை. குத்தியிருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. ஏழாம் குழி அவளுடைய பொறுப்பில்தான் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கடையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். வழிவிட்டவர்கள் வாயை மூடிக்கொள்ளவில்லை.

“கேப்டன் முகத்தைப் பாத்தியளா, என்னா தெளிவு!”

“என் தூக்கமா இருக்கும். என் முகம்தான் முந்தி அப்படி இருக்கும்.”

“கண்ணாடியே பாத்ததில்லையோ நீரு?”

சிரித்தார்கள். கேப்டனும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய தட்டைக் காட்டி, நாலு கொடு என்றாள். பிரகாசி எடுத்து நீட்டினாள். கேப்டன் முதல் மக்ரூனின் நுனியை ஒடித்தாள். ஒடித்த துண்டை அடுப்பின் மேலிருந்த சின்ன மாடத்தில் வைத்தாள். விரல் நுனியால் அதை ஒருமுறை தட்டிவிட்டு மீதியைத் தின்ன ஆரம்பித்தாள்.

பிரகாசியின் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. அந்த ஊரில் விழுகிற பொருள் மெதுவாகத்தான் விழும். அது தரையைத் தொடுவதற்குள் அவள் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டாள்.

“கடை மூடியாச்சு,” என்றாள்.

“இப்பத்தானே தொறந்த?”

“தொறந்தேன், மூடுதேன். என் கடைலா. கேப்டன் மட்டும் இருங்க.”

மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவை இழுத்துவிட்டு வந்தாள். கேப்டன் வாயில் மக்ரூனோடு நின்றாள். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“யாரு சொல்லிக்குடுத்தா?”

“எதை?”

“நுனியை ஒடிச்சு மாடத்துல வைக்க. ‘அடுப்புக்கு ஒரு வாய்’னு என் வீட்டுக்காரரு மட்டும்தான் அப்படி வைப்பாவ. அதுவும் கடை தொறக்க முந்தி. என்னைத் தவிர அதைப் பாத்த ஆளு கெடையாது.”

கேப்டன் தன்னுடைய கையைப் பார்த்தாள். அந்தக் கை தன்னைக் கேட்காமல் செய்த காரியம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது. மெல்ல விழுங்கினாள்.

“வடிகட்டுறது இல்ல, பிரகாசி.”

“என்னது?”

“வடிகட்டத் தெரியலை. தூக்கம் வேற கனவு வேறன்னு பிரிக்க டாக்டர்மாரு படாத பாடு பட்டாவ. பிரிச்சா ரெண்டுமே கெட்டுப்போவுது. வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாவ. தெனம் ராத்திரி எட்டு வீட்டுத் தூக்கம் எனக்கு, ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு. எந்தெந்த வீடுன்னு சொல்ல மாட்டாவ. ஆனா தெரிஞ்சுபோவும்லா? ஒருத்தரு அடிக்கடி பரீட்சை எழுதப் போறாரு. இடுப்புல வேட்டி இருக்காது. மேசைக்கு மேசை ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓடுதாரு. அதே மனுஷன் மேடையில ஏறி எங்களைத் திட்டும்போது நான் சிரிக்காம நிக்கப் படுத கஷ்டம் எனக்குத்தான் தெரியும்.”

“உச்சிமாகாளி அண்ணாச்சியா?”

“நான் பேர் சொல்லலை.”

சிரித்துவிடுவோமோ என்று பிரகாசிக்குப் பயமாக இருந்தது. அதனால் கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “அவிய வாராவளா?”

“வாராரு. முக்காவாசி நாள் செருப்பைத் தேடிக்கிட்டுத்தான்.”

முட்டை அடிக்கும் மத்து பிரகாசியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து ஓங்கிவிடலாம் என்றுதான் எடுத்தாள். தன் புருஷன், தன் வீடு, தன் கனவு. அதில் இவள் போய் உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் யார், அவனை ஏழாம் குழிக்கு அனுப்பியவள். மத்து ஓங்கியபடியே நின்றது. பிறகு கீழே இறங்கியது.

“நேத்து வந்தாவளா?”

“வந்தாரு.”

“என்ன சொன்னாவ?”

“முட்டையை எல்லாம் நீயே தின்னுட்டன்னாரு.”

“பொய்யி! அவியதான் தின்பாவ.” அவள் மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். “புருஷன் பொண்டாட்டி கனவுன்னா எல்லாமும் வரும்லா? அப்ப என்ன செய்வீய?”

கேப்டனின் காது சிவந்தது. “சுவரைப் பாத்துத் திரும்பிக்கிடுவேன்.”

“கனவுல எப்படித் திரும்புவீய? உடம்பு என் உடம்புலா?”

“...மனசுக்குள்ள திரும்பிக்கிடுவேன்.”

இந்த முறை பிரகாசி சிரித்தேவிட்டாள்.

அதன் பிறகு கேப்டன் தினமும் காலையில் வந்தாள். கடை திறப்பதற்கு முன்னால் வந்து, மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, முந்தின இரவின் கனவைச் சொல்லுவாள். அவளுக்குக் கதை சொல்லத் தெரியவில்லை. வந்தார், நின்றார், போனார் என்று முடித்துவிடுவாள்.

“என்ன சட்டை?”

“கவனிக்கலை.”

“அத்தனை பேரைச் சண்டைக்குக் கூட்டிட்டுப் போனியளே, ஒரு சட்டையைக் கவனிக்கத் தெரியலையா?”

மறுநாள் கேப்டன் உளவு பார்த்துத் திரும்பியவளைப்போல நிமிர்ந்து நின்று சொன்னாள். “நீலச் சட்டை. இடது கை மடிச்சு விட்டிருந்தாரு, வலது கை மடிக்கலை. பொத்தான் ஒண்ணு தொங்குது. வாசல்ல நின்னு மேல பாத்தாரு. பாட்டு ஒண்ணு முணுமுணுத்தாரு, சுருதி சேரலை.”

“சேராது,” என்றாள் பிரகாசி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என்ன பாட்டு?”

கேப்டன் பாடிக் காட்டினாள். அவளுக்கும் சுருதி சேரவில்லை. சவரிராயனை அப்படியே உரித்துவைத்ததுபோல இருந்தது.

ஆனாலும் சமையலை வாயால் சொன்னால் பசி அடங்குவதில்லை. கேப்டன் போனபிறகு பிரகாசிக்கு முன்பைவிட ஆத்திரமாக வரும். நீலச் சட்டையைத் தைத்தவள் அவள். அதை அடுத்தவள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கூட்டத்துக்கு முந்தின நாள் அதைச் சொல்லியும்விட்டாள்.

“நாளைக்கு நான் கயித்துக்கு அந்தப் பக்கம்தான் நிப்பேன் கேப்டன். முதுகுக்குப் பின்னால செய்ய எனக்கு இஷ்டம் இல்ல.”

“நிக்கணும்,” என்றாள் மோட்சராக்கினி.

“தூக்கம் நின்னுபோனா உங்களுக்கு என்ன ஆவும்?”

“முதல்ல கை நடுங்கும். பொறவு இல்லாத ஆளுக்கெல்லாம் வணக்கம் வைப்பேன்.”

“பொறவு?”

“பொறவு என்னன்னு டாக்டருக்கே தெரியலை. ரொம்ப நாள் தாங்காதுன்னு மட்டும் சொல்லுதாரு.” கேப்டன் எழுந்து உடையில் ஒட்டிய மாவைத் தட்டினாள். “அந்த வடிகட்டி விஷயத்தையும் கூட்டத்துல சொல்லிரு. சட்டம் அந்த நிமிசமே விழுந்திரும்.”

“உங்க சத்தியம்?”

கேப்டன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

புதுக்கொற்கையில் ஓட்டுச் சீட்டு கிடையாது. முதல் தலைமுறை ஐஸ் குழிக்குள் வாழ்ந்தபோது காகிதம் இல்லை. அதனால் எதையாவது தீர்மானிக்க வேண்டியிருந்தால், குழியில் இறங்கும் கயிற்றைக் குறுக்கே கட்டி, வேண்டும் என்கிறவர்கள் இந்தப் பக்கமும் வேண்டாம் என்கிறவர்கள் அந்தப் பக்கமும் நின்றார்கள். காகிதம் வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. யார் எங்கே நிற்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்பதுதான் அதன் அழகு, அதன் தொல்லை.

ஞாயிற்றுக்கிழமை வார்டு மண்டபம் நிரம்பி வழிந்தது. தேசியகீதம் வழக்கம்போல முதலடியில் கொட்டாவியாகி நின்றது. மேடையில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தங்களைப் பற்றிய தீர்மானம் என்பதால் அவர்களுக்குக் கயிறு இல்லை. கண்கள் தெளிவாக இருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். அதுவே பாதிக் குற்றமாகத் தெரிந்தது.

“இவியளுக்கு நாம நன்றி சொல்லலையா?” என்று தொடங்கினார் உச்சிமாகாளி. “சொன்னோம். கை தட்டிச் சொன்னோம். பொறவு தெனம் ராத்திரி நெத்தியில பட்டையைக் கட்டிக்கிட்டுச் சொன்னோம். ஒரு மனுஷன் எத்தனை காலத்துக்குவே நன்றி சொல்லுவான்? கும்பினிக்காரன் நம்ம ஐஸை எடுத்தான், வேலையை எடுத்தான். தூக்கத்தை எடுக்க அவனுக்கே தோணலையே!”

கைதட்டல். சங்கத்தின் செயலாளர் மேஜர் பூபாலராயர் எழுந்தார். தாங்கள் பிச்சை கேட்கவில்லை என்றும், கொடுத்த வாக்கைத்தான் கேட்கிறோம் என்றும் சொன்னார். அதோடு உட்கார்ந்திருந்தால் பாதிப் பேர் தலையை ஆட்டியிருப்பார்கள். அவர் உட்காரவில்லை. “எங்கள் பிள்ளைகளின் உரிமையையும் இந்தச் சபை...” என்று ஆரம்பித்தார்.

“ஒம்ம மகனுக்கு எங்க வே முள்ளு இருக்கு?” என்று பின்னாலிருந்து இன்னாசி கத்தினார். “அவன்தான் பள்ளிக்கூடத்துல நல்லாத் தூங்குதானே!”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு உச்சிமாகாளி பிரகாசியைக் கூப்பிட்டார். அவள் முன்னால் வந்தாள்.

அவளிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. கனவும் சேர்ந்துதான் போகிறது. அதைச் சொன்னால் முடிந்தது. மேடையைப் பார்த்தாள். கேப்டன் மோட்சராக்கினி அவளைப் பார்க்காமல் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியத்தை மீறியவர் யார் என்று கேட்டால், கை நேராக அங்கேதான் நீளும்.

“எனக்கு என் கடைசி மணி திரும்ப வேணும்,” என்றாள் பிரகாசி. “அவ்வளவுதான்.”

“ஏன் தங்கச்சி?” என்று மேஜர் கேட்டார். கெட்ட மனிதரில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “மத்த நேரமெல்லாம் உனக்குத்தான இருக்கு. அது போதாதா?”

பிரகாசி மறுபடி மேடையைப் பார்த்தாள். உச்சிமாகாளி அவளைக் கண்ணால் கெஞ்சினார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“அந்த மணியிலதான் அவ புருஷன் வருவாரு,” என்றாள் கேப்டன். “சட்டம் வந்ததுலருந்து எங்கிட்ட வாராரு. உங்க கனவெல்லாம் எங்ககிட்டதான் வருது. வடிகட்டி கிடையாது. உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். சொல்லலை.”

மண்டபத்திலிருந்த ஒவ்வொருவரும் தங்கள் தலைக்குள் போய்ப் பழைய கனவுகளை அவசர அவசரமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். இன்னாசி தன் மனைவியைப் பார்த்தார். அவள் மேடையிலிருந்த ஒரு லெப்டினன்டைப் பார்த்தாள். அவர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். உச்சிமாகாளியின் இரண்டு கைகளும் தாமாகவே போய் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டன.

தூக்கம் போனபோது முணுமுணுத்தவர்கள் கனவு போனது தெரிந்ததும் நடந்தார்கள். யாரும் கத்தவில்லை. கயிற்றுக்கு அடியில் குனிந்தும் மேலே தாண்டியும் ஒட்டுமொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் போயிற்று. மேடையிலிருந்தும் இரண்டு மூன்று அதிகாரிகள் இறங்கி, கணக்கில் வராது என்று தெரிந்தே, அந்தப் பக்கம் போய் நின்றார்கள். அவர்களில் ஒருவர், “எனக்கும் போதும்வே. எட்டு வீட்டு மாமியாரும் எனக்கு மாமியாரா வாராவ,” என்றார். பிரகாசி கடைசியாகப் போனாள். கயிற்றைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். தயங்கினாள் என்று சொல்லலாம். ஆனால் போனாள்.

உச்சிமாகாளி தொண்டையைச் செருமினார். ஜெயித்த மனிதரைப்போலத் தெரியவில்லை. “ஒரு திருத்தம்,” என்றார். “இஷ்டப்பட்டவங்க குடுக்கலாம்னு ஒரு வரி சேத்துக்கிடுவோம். இஷ்டப்பட்டவங்க மட்டும்.” யாரும் மறுக்கவில்லை. நான் தருகிறேன் என்றும் யாரும் சொல்லவில்லை. பட்டைகளை வாசலில் வைத்திருந்த கூடையில் போட்டுவிட்டுப் போகலாம் என்று அறிவித்தார்கள்.

வெளியே நடைபாதையில் ஜனங்கள் கேப்டனைக் கடந்து போனார்கள். காலையில் முறைத்தவர்கள் இப்போது அவள் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போனார்கள். கோபத்தைவிட அதில் வெட்கம்தான் அதிகம். கேப்டன் சுவரோரமாக நின்றாள். பிரகாசி தன்னுடைய பட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு அவளருகில் வந்தாள்.

கேப்டன் என்ன கேட்கப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். கூடையில் போடாதே என்பாள். வாரத்தில் ஒருநாளாவது கொடு என்பாள். அதற்கு என்ன சொல்லவேண்டும் என்றுகூட அவள் யோசித்து வைத்திருந்தாள்.

“ஏழாம் குழிக்கு அவரை அனுப்புனது நான்,” என்றாள் கேப்டன்.

“தெரியும்.”

“திரும்பி வரச் சொன்னதும் நான்தான். அது உனக்குத் தெரியாது. கதவு தாங்காதுன்னு தெரிஞ்சதும் லைன்ல கூப்பிட்டேன். ஒரே இரைச்சல். உள்ள ரெண்டு பேரு மாட்டிக்கிட்டிருந்தாவ. நான் கூப்பிட்டது அவரு காதுல விழலையா, இல்ல விழுந்தும் அவங்களைத் தூக்கத்தான் போனாரா... அதுதான் தெரியலை.”

பிரகாசி பட்டையைச் சுருட்டுவதை நிறுத்தினாள்.

“கனவுல வரும்போதெல்லாம் கேக்கப் பாத்தேன். வாயி உன் வாயிலா? நான் என்ன கேக்க நெனச்சாலும் ‘சாப்பிட்டியளா’ன்னுதான் வருது. அவரும் அலுக்காம, ‘இன்னும் இல்லட்டி’ங்காரு.”

பிரகாசிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறு எதுவாகவோ மாறியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நடைபாதையின் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கின. யாரோ தூரத்தில் கொட்டாவி விட்டார்கள்.

“இன்னைக்கு உங்கிட்ட வருவாரு,” என்றாள் மோட்சராக்கினி. “கனவுல வாரவரு என்ன சொன்னாலும் அது நீ சொல்லுததாத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். நீயே சொன்னதாத்தான் எடுத்துக்கிடுவேன். நான் கூப்பிட்டது காதுல விழுந்துச்சான்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு, வந்து சொல்லுதியா பிரகாசி?”